காரைக்குடியிலிருந்து தொண்டிக்கு, ஒரு சோனார் பெட்டியோடு

நேற்று ராத்திரிதான் திருச்சிக்குத் திரும்பினேன். பையை இன்னும் பிரிக்கவில்லை, விரல் இடுக்கில் கணவாய் வாடை அப்படியே இருக்கிறது, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லாமல் என்னால் வேறு எதையும் சொல்ல முடியாது.

சோனார், அதாவது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்து மீன் தேடும் கருவி. நான்கு அங்குலத் திரை, படகுக்கு அடியில் தொங்கவிட ஒரு சென்சார், ஒரு 12 வோல்ட் பேட்டரி. ஒருவர் பயன்படுத்தியதை 13,500 ரூபாய்க்கு வாங்கினேன். என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. மூன்று மாதமாக வீட்டில் அலமாரிக்கு மேலேயே கிடந்தது, பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். இந்தப் பயணத்துக்குப் பிறகு கலக்கம் இல்லை. கடலுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். கண்மாய்க்கு என்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை திருச்சியில் காரைக்குடி பஸ் ஏறியபோதே சண்டை. தூண்டில் கழியைக் குழாயில் போட்டு வைத்திருந்தேன், பேட்டரி தனிப்பையில். கண்டக்டர் குழாய்க்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார், சரி என்றேன். பேட்டரியைப் பார்த்ததும் இறங்கச் சொல்லிவிட்டார். இரண்டு கிலோதான் இருக்கும், ஆசிட் சிந்தாத சீல் வைத்த பேட்டரி என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிஷம் நின்றேன். அந்த பஸ்ஸில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதி இருந்தால் எல்லா பஸ்ஸிலும் இருக்க வேண்டும், ஆளுக்கு ஆள் மாறினால் அதற்குப் பெயர் விதியா? பேட்டரி கொண்டுபோகிறவர்கள் முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அது நம் பாதுகாப்புக்கும் நல்லது.

காரைக்குடியில் நண்பன் வீட்டில் சாமானை வைத்துவிட்டு, மத்தியானமே பள்ளத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனோம். கண்மாய் மீன் குத்தகைக்கு விட்டது, கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. குத்தகைக்காரரிடம் முந்தின நாளே நண்பன் பேசி வைத்திருந்தான். தெர்மாகோல் அட்டையைச் சாக்கில் கட்டி ஒரு தெப்பம் வைத்திருந்தார்கள், அதில் உட்கார்ந்து கருவியைப் போட்டேன். மாசி மாதம், தண்ணீர் ஒன்றரை மீட்டர்தான், கலங்கல் வேறு. திரை முழுக்க மீன் மீனாகப் படம் காட்டியது! ஒன்றுகூட மீன் இல்லை. எல்லாம் பாசி, ஆகாயத்தாமரை வேர், சேற்றிலிருந்து கிளம்பும் குமிழி.

காரணம் எளிது. கருவியிலிருந்து ஒலி கூம்பு மாதிரி கீழே விரிந்து போகிறது. என் கருவியில் குறுகிய கூம்பு 20 டிகிரி. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அது தரையைத் தொடும்போது அரை மீட்டர் அகலம்தான் இருக்கும், ஒரு முறத்தின் அகலம். அவ்வளவு பெரிய கண்மாயில் ஒரு முறம் அகலத்தைப் பார்த்து என்ன செய்வது? அதிலும் விரால் மேலே வந்து காற்றை மூச்சிழுத்துப் போகிற மீன். கரையில் பேசாமல் உட்கார்ந்தால் அது மேலே வந்து வாய் திறக்கிற இடம் கண்ணுக்கே தெரியும். கோடையில் தண்ணீர் வற்றி, சிங்கம்புணரிப் பக்கம் ஊரே ஊத்தாக் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்கும்போது எந்தப் பெட்டி வேண்டியிருக்கிறது? சாயங்காலம் வரை இருந்து ஒரு ஜிலேபி கெண்டையோடு திரும்பினோம்.

ஞாயிறு விடியற்காலை தேவகோட்டை வழியாகத் தொண்டி. அங்கே பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது, ஆட்டோவுக்கு 200 ரூபாய் வாங்கிவிட்டார். குழாயும் பேட்டரியும் வைத்திருந்ததால் என்னால் நடக்க முடியாது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் கேட்டார். இருட்டில் வேறு வண்டியும் இல்லை. இன்னும் மனது ஆறவில்லை. திரும்பும்போது அதே தூரத்துக்கு வேறொருவர் 60 ரூபாய்தான் வாங்கினார்.

படகு நண்பனுக்குத் தெரிந்த ஒரு அண்ணனுடையது. ஃபைபர் நாட்டுப் படகு. டீசல், அவர் கூலி எல்லாம் சேர்த்து 4,000 கேட்டார், நான் 3,000 என்றேன், 3,500க்கு முடிந்தது. அதற்கு மேல் குறைக்க எனக்கும் மனம் வரவில்லை, ஒரு நாள் வலையை விட்டுவிட்டு எங்களோடு வருகிறார். மிதவைச் சட்டை இரண்டு கையோடு கொண்டுபோயிருந்தேன், ஆதார் அட்டையும். இந்தக் கடலில் இலங்கையோடு 1974ல் போட்ட எல்லைக்கோடு இருக்கிறது, கடலோரக் காவலர்கள் கேட்டால் காட்ட வேண்டும். கரையை விட்டு ரொம்ப தூரம் போகக் கூடாது என்பதில் அண்ணன் என்னைவிடக் கறாராக இருந்தார்.

வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது, தெற்கிலிருந்து வரும் சோழகம் இன்னும் எழும்பவில்லை, கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. சென்சாரை ஒரு மூங்கில் கழியில் கட்டி, படகின் பின்பக்கம் எஞ்சினுக்கு எதிர்ப்புறம், தண்ணீருக்குள் ஒரு அடி இறங்குகிற மாதிரி நிறுத்தினேன். எஞ்சின் சுழலும் இடத்தில் காற்றுக்குமிழி வரும், குமிழிக்குள் மாட்டினால் திரையில் வெறும் மழைதான் பெய்யும். கழி சரிந்தாலும் போச்சு, கூம்பு பக்கவாட்டில் போய்விடும்.

அண்ணன் எட்டிப் பார்த்து, “இது இப்பத்தான் வந்ததா தம்பி?” என்றார். 1948லேயே ஜப்பானில் நாகசாகிப் பக்கம் ஃபுருனோ சகோதரர்கள் மீன் தேடும் கருவி செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றேன். “அம்புட்டு வருசமா? எங்ககிட்ட ஈயக்குண்டுதான்” என்றார். அந்த ஈயக்குண்டை எடுத்துக் காட்டினார். அடியில் ஒரு குழி, அதில் சோப்பை அப்பி இறக்கினால் அடியில் மணலா சேறா சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். என் பெட்டி செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான், நிற்காமல் செய்கிறது, அவ்வளவே. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 6 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. அதனால் அடி எப்படி இருக்கிறது என்பது படகு நகர நகரத் திரையில் ஓடிக்கொண்டே வரும்.

புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதை நானும் கண்மாயில் செய்திருந்தேன், மீன் பொம்மை காட்டும் வசதியைப் போட்டே வைத்திருந்தேன். இங்கே முதல் வேலையாக அதை அணைத்தேன். நீங்களும் அணையுங்கள், அது கருவியின் வெறும் ஊகம். பொம்மையை அணைத்துவிட்டு அடித்தரைக் கோட்டைப் பாருங்கள். சேறு என்றால் ஒலியை விழுங்கிவிடும், கோடு மெல்லியதாக மங்கலாக வரும். கெட்டி மணலோ கல்லோ என்றால் கோடு தடித்து, பளிச்சென்று, சில சமயம் அதே ஆழத்துக்கு இன்னொரு மடங்கு கீழே இரண்டாவது கோடும் விழும், ஒலி மேல்மட்டத்தில் மோதித் திரும்பவும் ஒரு முறை இறங்கி வருவதால். கடல்தாழை என்கிற கடற்புல் வளர்ந்த இடத்தில் தரைக்கு மேல் ஒன்றிரண்டு அடிக்குப் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு படலம். அண்ணனிடம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார், “ஆமா, இங்கன தாழைதான், ஆவுளியா மேயிற இடம்.” ஆவுளியா என்றால் கடற்பசு. திரையில் நான் பார்த்ததை அவர் பார்க்காமலே சொன்னார்.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, 6 மீட்டர் ஆழத்தில் மெல்லிய சேற்றுக் கோடு திடீரென்று ஒன்றரை மீட்டர் எழும்பியது. தடித்த, பளிச்சென்ற மேடு. பத்துப் பன்னிரண்டு அடி நீளம் இருக்கும், அப்புறம் மறுபடியும் சேறு. நான் கத்திவிட்டேன். அண்ணன் எஞ்சினைக் குறைத்து, கரையில் ஒரு செல்போன் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “தம்பி, இதுதான் என் வலைய ரெண்டு தடவ கிழிச்ச பாரு!”

பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் கல்மேடு. அடையாளம் பார்த்து விலகித்தான் போவாராம், ஆனால் கொஞ்சம் மூடாக்கு போட்டால் கோபுரம் தெரியாது, வலை மாட்டிவிடும். இரண்டாவது தடவை மட்டும் பதினைந்தாயிரம் ரூபாய் வலை போயிருக்கிறது. என் 13,500ஐ நினைத்து மூன்று மாதம் புழுங்கியதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலைக்காரருக்குச் சத்துரு, தூண்டில்காரனுக்குக் கோயில். வலை போகாத இடம் என்பதால் மீன் அங்கேதான் ஒண்டும். நங்கூரம் போடுவதற்குள் இரண்டு தடவை தள்ளிப் போய்விட்டோம், ஏனென்றால் 6 மீட்டரில் 20 டிகிரிக் கூம்பு இரண்டு மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும், படகு கொஞ்சம் நகர்ந்தாலும் மேடு திரையிலிருந்து போய்விடும். மூன்றாவது தடவை பின்பக்கம் சரியாக மேட்டுக்கு மேல் நின்றது.

இப்போது நடந்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கணவாய்த் துண்டைக் குத்தி, ஈயத்தோடு தூண்டில் நரம்பை நேராகக் கீழே விட்டேன். திரையில் என் ஈயமே ஒரு சாய்ந்த கோடாக இறங்குகிறது! மேட்டுக்கு அரை மீட்டர் மேலே நிறுத்தினேன், கோடு படுக்கையாக ஓடியது. மேட்டை ஒட்டி இன்னொரு தடித்த கோடு பிரிந்தது. மெதுவாக மேலே வந்தது. இரண்டு கோடும் தொட்டன. கழி வளைந்துவிட்டது. விளமீன், ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

மீன் என்றால் திரையில் வில் மாதிரி வளைவாகத்தான் தெரியும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். படகு நகரும்போது மீன் கூம்பின் ஓரத்தில் நுழைகையில் தூரம் அதிகம், நடுவில் குறைவு, மறு ஓரத்தில் மறுபடி அதிகம், அதனால் வில். படகு நின்றால் மீனும் நின்றால், அது கோடுதான். மீனுக்கு உள்ளே இருக்கும் காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்புகிறது, ஆகவே தடிமனை வைத்து எடையைச் சொல்லிவிட முடியாது. ஒரு தடித்த கோட்டை நம்பி இழுத்தேன், உள்ளங்கை நீளப் பாறை மீன் குஞ்சு, திரும்ப விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்குள் மூன்று விளமீன், ஒரு பாறை மீன். ஒரு சீலா மீன் நரம்பைக் கடித்துக்கொண்டு போனது. நிறுத்திவிட்டோம். கூட்டம் தெரிகிறது என்பதற்காக அந்தச் சின்ன மேட்டை வழித்து எடுக்க எனக்கு மனமில்லை, அண்ணனும் போதும் என்றார்.

கிளம்பும் முன் அந்த இடத்தைக் கருவியில் குறித்தேன். அண்ணன் தன் செல்போனை நீட்டி, இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். எண்களை அதிலும் ஏற்றித் தரச் சொன்னார். தப்பில்லாமல் ஏறியிருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார். கரைக்கு வந்து 3,500ஐ நீட்டினால் 500ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

மூன்று விளமீனில் ஒன்றை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை ஐஸ் பெட்டியில் போட்டு நண்பன் வீட்டுக்கு எடுத்துப் போனோம். நண்பனின் அம்மாவை நான் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். செவுளைத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலால் முதுகை அமுக்கினார், சதை உடனே எழும்பியது. “இன்னைக்குப் புடிச்சதுதான்” என்று சொன்ன பிறகுதான் அரிவாள்மணையை எடுத்தார். தலையும் நடுத்துண்டும் குழம்புக்கு. நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், தோல் உரித்த முழுப்பூண்டு, அம்மியில் அரைத்த மல்லி மிளகாய், கடைசியில் புளி. வால் பக்கம் சோம்பு அரைத்துப் பூசி வறுவல். ஆத்தங்குடிக்கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான்கு தடவை சோறு வாங்கினேன். காரைக்குடிக்கு வந்து பெரிய ஓட்டலில் தட்டுக்கு 600 கொடுத்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

பஸ், ஆட்டோ, படகு, ஐஸ், இரை எல்லாம் சேர்த்து எனக்கு 4,300 ஆனது, நண்பன் வீடு இல்லையென்றால் லாட்ஜ் வாடகையும் சேரும். மூன்று பேராகப் போனால் படகுச் செலவு பங்காகும். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப் படகுகள் போகும்.

இன்று காலை அண்ணன் போன் செய்தார். தெற்கே இன்னும் இரண்டு இடத்தில் வலை மாட்டுகிறதாம், சித்திரையில் வரும்போது பெட்டியை மறக்காமல் கொண்டுவரச் சொன்னார். மூங்கில் கழி இரண்டு தடவை சரிந்ததை நினைத்துக்கொண்டு, போனை வைத்ததும் வெல்டிங் பட்டறைக்குப் போய் ஒரு இரும்புப் பிடி அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். 350 ரூபாய் கேட்டிருக்கிறார்.