திருகோணமலை வரைபடச் செயலி: டீபக்கில் ஓடியது, ரிலீஸில் வெறும் சாம்பல்

கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, உப்புவெளி, நிலாவெளி ஆகிய இடங்களை வரைபடத்தில் காட்டும் சின்னச் செயலி இது. ஃபிளட்டரில் (செயலி எழுத உதவும் ஒரு கருவித்தொகுப்பு) எழுதியது, வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடம். டீபக் என்பது எழுதும்போது சோதித்துப் பார்க்கும் வடிவம், ரிலீஸ் என்பது ஆட்களுக்குக் கொடுக்கும் வடிவம்.

8 ஜிபி ரேம் உள்ள லப்டொப்பில் அன்ட்ரொயிட் ஸ்டூடியோ (செயலி எழுதும் மென்பொருள்), கிரேடில் (செயலியைக் கட்டித்தரும் கருவி), எமுலேட்டர் (திரையில் ஓடும் பாவனைப் போன்) மூன்றும் ஒன்றாக ஓடினால் எல்லாமே இழுபடும். போனிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் சரி. போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டி, டெவலப்பர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஒன் பண்ண வேண்டும். அதன் பிறகும் போன் பட்டியலில் வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்: சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள் நிறைய உண்டு. முதல் பில்டுக்குக் கிரேடில் நிறைய இறக்கும், அதை வைஃபையில் முடித்துவிடுங்கள்.

இடங்களைக் குறிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. இடத்தரவை எழுதும் கோப்பு வடிவமான ஜியோஜேசனில் நெடுங்கோடு முதலில் வரும்; ஃபிளட்டரில் வரைபடம் காட்டும் ஃபிளட்டர்மேப் கேட்பதோ அகலக்கோட்டை முதலில். திருகோணமலை ஏறத்தாழ 8.57 வடக்கு, 81.23 கிழக்கு. மாற்றிக் கொடுத்தால் குறி ஸ்வால்பார்டுக்கு அப்பால் ஆர்க்டிக் கடலில் போய் விழும். 81 என்பது 90க்கு உட்பட்டது, அகலக்கோடாகவும் செல்லும். அதனால் எந்தப் பிழைச்செய்தியும் வராது. இலங்கையின் எந்த ஊருக்கும் இதே கதைதான்.

அதிகம் குழப்புவது ரிலீஸ் பில்ட். டீபக்கில் வரைபடம் அழகாக வரும். ரிலீஸில் குறிகள் மட்டும் நிற்கும், பின்னால் வெறும் சாம்பல். ஹொட் ரீலோட் (மாற்றிய கோடை ஓடும் செயலியில் உடனே காட்டும் வசதி) வேலைசெய்ய நெட் தேவை என்பதால், டீபக் மேனிஃபெஸ்டில் (செயலியின் அனுமதிகளை எழுதும் கோப்பு) இன்டர்நெட் அனுமதியை ஃபிளட்டரே எழுதிவைக்கிறது. மெயின் கோப்புறையிலுள்ள மேனிஃபெஸ்டில் அது இல்லை. அங்கே, அப்ளிகேஷன் டேக்குக்கு மேலே, அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். ஆளுக்குக் கொடுக்குமுன் ரிலீஸைப் போனில் ஏற்றிப் பார்த்தே ஆகவேண்டும் என்பது இதனால்தான்.

வட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் ஏபிகேயை (செயலியை நிறுவும் கோப்பு) ஏபிஐ (ABI, போனின் ப்ரொசெசர் வகை) வாரியாகப் பிரித்து எடுங்கள், அளவு நன்றாகக் குறையும். பழைய 32 பிட் போனுக்கு ஆர்ம் வி7, புதியவற்றுக்கு ஆர்ம்64. மாறிப்போனால் பழைய போனில் ஏறாது.

அடுத்தது ஒஃப்லைன் வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சேர்வரிலிருந்து படத்துண்டுகளை மொத்தமாக இறக்குவதற்கு அனுமதியில்லை. ஆகவே மூலத்தரவை எடுத்து, திருகோணமலைப் பகுதியை மட்டும் வெட்டி, துண்டுகளை நாங்களே உருவாக்க வேண்டும்.