மறுமணக் குடும்பங்களில் மரபணு உறவைக் கணக்கிடுவது எப்படி?

மனைவியை இழந்த ஒருவருக்கு ஒரு மகன். கணவரைப் பிரிந்த ஒரு பெண்ணுக்கு ஒரு மகள். இவர்கள் இருவரும் மணந்துகொள்ள, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தை அண்ணனோடும் அக்காவோடும் தனித்தனியே சராசரியாக 25 விழுக்காடு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால், பெற்றோர்கள் ஏற்கெனவே உறவினர்களாக இல்லாதவரை, அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் இடையே பகிர்வு எதுவும் இல்லை. தங்கைக்கு இருவருமே இரத்த உறவு என்றால் அவர்களும் ஒருவருக்கொருவர் இரத்த உறவாகத்தானே இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. தங்கை அண்ணனோடு பகிர்வது தந்தை கொடுத்த பாதியிலிருந்து. அக்காவோடு பகிர்வது தாய் கொடுத்த பாதியிலிருந்து. இரண்டும் அவளிடத்தில் சேர்கின்றனவே தவிர, ஒன்றோடொன்று கலப்பதில்லை.

ஆகவே மரபணு உறவை ஒரு வீட்டுக்கு மொத்தமாகச் சொல்ல முடியாது. இருவர் இருவராகத்தான் கணக்கிட வேண்டும். அதற்கான முறையை அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1922இல் வகுத்தார். இருவருக்கும் பொதுவான முன்னோர் ஒவ்வொருவரையும் கண்டறிந்து, ஒருவரிடமிருந்து அந்த முன்னோர் வரை ஏறி, மற்றவரிடம் இறங்கும் வழியில் எத்தனை தலைமுறைப் படிகள் உள்ளன என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை பாதியாக்கி, எல்லா வழிகளின் விடைகளையும் கூட்ட வேண்டும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களுக்கு இரண்டு வழிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள். கால் பங்கும் கால் பங்கும் சேர்ந்து அரைப் பங்கு. திருமணம் என்பது இந்த வரைபடத்தில் ஒரு வழியே அல்ல என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம், வழிகள் ஒன்றுக்கு மேல் வரும் குடும்பங்களில் இருக்கிறது. கணவரை இழந்த பெண் அவருடைய உடன்பிறந்த தம்பியை மணந்தால், இரு மணங்களிலும் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய் வழியில் கால் பங்கும், தந்தையர் சகோதரர்கள் என்பதால் அரைக்கால் பங்கும் சேர்ந்து, பகிர்வு 37.5 விழுக்காடு ஆகிறது. அதே போல, ஒரே உருவ இரட்டைச் சகோதரிகளின் பிள்ளைகள் முறைப்படி பெரியம்மா, சித்தி மக்களாக இருந்தாலும், கணக்கில் ஒரு தாய்க்கும் இரு தந்தையர்க்கும் பிறந்தவர்களைப் போன்றவர்கள்தாம்.

இவை யாவும் சராசரிகள் என்பதை டி.என்.ஏ. பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே மட்டும் அது சரிபாதி. முழு உடன்பிறப்புகளிடையே ஏறத்தாழ 38 முதல் 62 விழுக்காடு வரை மாறலாம். மேலும், பாட்டன் பேரன், தாய்மாமன் மருமகன், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகள் ஆகிய மூன்று உறவுகளுக்கும் சராசரி அதே 25தான். மொத்தப் பகிர்வை மட்டும் பார்த்து எது என்று சொல்ல இயலாது. வயது ஓரளவு உதவும். ஆனால், இருவர் முழு உடன்பிறப்புகளா, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானவர்களா என்று அறிய நல்ல சான்று ஒன்று உண்டு: முழு உடன்பிறப்புகளுக்கு மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய கால் பகுதியில் தாய் வழிப் பிரதியும் தந்தை வழிப் பிரதியும் ஒருங்கே பொருந்தும். தந்தையர் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லாதபோது, தாய் மட்டும் பொதுவானவர்களிடம் இத்தகைய இரட்டைப் பொருத்தம் அமையாது. சகோதரர் இருவரை மணந்தவளின் பிள்ளைகளிடம் அது சுமார் எட்டில் ஒரு பங்காக இருக்கும்.

இந்தக் கணக்கு வெறும் ஆர்வத்துக்கு உரியதன்று. குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகப் புற்றுநோய் உண்டா, இளவயதில் மாரடைப்பு வந்ததா என்று மருத்துவர் கேட்கும்போது, வளர்த்த தந்தையின் நோய் வரலாறு பரம்பரை ஆபத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. தொடர்பே இல்லாமல் போன, பெற்ற தந்தையின் வரலாறு சொல்லும். ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான அண்ணனை மருத்துவம் முதல் நிலை உறவினராக அல்ல, இரண்டாம் நிலை உறவினராகவே கொள்கிறது. எலும்பு மஜ்ஜை தானத்தில் இந்த வேறுபாடு இன்னும் கடுமையானது: முழு உடன்பிறப்பு முற்றிலும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானவர்களிடம் முழுப் பொருத்தம் மிக அரிது, பாதிப் பொருத்தத்துக்கே இரண்டில் ஒரு வாய்ப்பு. பாதிப் பொருத்தத்தோடும் இன்று மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள் என்பதால், அந்த அண்ணனையும் அக்காவையும் பரிசோதிக்காமல் விட்டுவிடக் கூடாது.