குறையாது என்று சொன்னேன்

“காவல் குறைஞ்சிடாதே, தம்பி?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். “குறையாதுங்க ஐயா” என்று நான் சொன்னேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, வேப்பமரத்தடியில் நாலு வருஷமாகக் கட்டிக்கிடந்த நாயின் சங்கிலிக் கொக்கியைத் தம் கையாலேயே கழற்றி, நான் கொண்டுபோயிருந்த முப்பதடி நைலான் கயிற்றை மாட்டினார். என்னுடைய அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கழற்றுகிறார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

ஏழு மாதம் கழித்து, குறுவைக்கு நாற்று விட்டிருந்த வைகாசியில், அவருடைய மோட்டார் கொட்டகையிலிருந்து செப்புக் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரம் இருக்கிறது அந்தத் தோப்பு. நாயின் பெயர் மணி. கோம்பைக் கலப்பு, செவலை நிறம், கறுத்த மூஞ்சி. கேஸ் சிலிண்டர் போட வந்த பையனின் கணுக்காலைக் கவ்விவிட்டது என்பதற்காகத்தான், நாய்களைப் பழக்குவதைத் தொழிலாகச் செய்யும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடித்த அன்றும் பிறகு 3, 7, 28ஆம் நாள்களிலும் அந்தப் பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தம் வண்டியிலேயே அழைத்துப் போய் ஊசி போடவைத்தவர் அந்தப் பெரியவர். இரக்கமில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவிழ்த்துவிட்டால் கடிக்கிறது, கட்டிப்போட்டால் ராத்திரி முழுக்கக் கத்துகிறது, என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார், அவ்வளவுதான். எப்போதும் சங்கிலியில் கிடக்கும் நாயை உலாவ விடாமல் வைத்திருப்பது கொடுமை என்று 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முதல் நாள் சட்டம் பேசினால் இரண்டாம் நாள் கேட் திறக்காது என்பதை இந்தத் தொழிலில் நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ஆகையால் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மரத்தைச் சுற்றிச் சங்கிலி எட்டும் தூரத்துக்குத் தரை வட்டமாகத் தேய்ந்து, சாணம் மெழுகிய களம்போல வழவழவென்று இருந்தது. வட்டத்தின் விளிம்பில் மட்டும் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம். நாலு வருஷ நடை அது. அந்தப் பள்ளத்தைப் பார்த்ததால்தான் “குறையாது” என்று அவசரப்பட்டுச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். “எனக்குத் தெரியாது ஐயா, குறைந்தாலும் குறையலாம்” என்று சொல்லியிருந்தால் அவர் கொக்கியைத் தொட்டிருக்கமாட்டார். நாய் சங்கிலியிலேயே செத்திருக்கும். அதனால் சொன்னது சரி என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஒருவருடைய நிலத்தையும் கேபிளையும் பணயம் வைத்து நான் எப்படி இரக்கம் காட்டலாம் என்று மறுநாள் தோன்றுகிறது.

முதல் ஒரு மாதம் நடந்ததில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. தட்டில் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் தின்று முடித்துவிடும் சோற்றுக் கவளத்தையும் முட்டையையும் வைக்கோலுக்குள் பிரித்துத் தூவச் சொன்னேன். சில நாள் சாக்கை மடித்து அதற்குள் ஒளித்தோம், சில நாள் காய்ந்த தேங்காய் மட்டையின் நாருக்குள் செருகினோம். “எதுக்குத் தம்பி அதை அலையவிடறீங்க?” என்று வீட்டு அம்மா கேட்டார்கள். 1963இல் ஜென்சன் என்பவர் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையை அவர்களுக்குச் சொன்னேன்: கிண்ணத்தில் சும்மாவே தீனி கிடக்கும்போதும், பல எலிகள் கட்டையை அழுத்தி உழைத்துப் பெறும் தீனியைத் தேடிப் போயின. “சும்மா வர்றது யாருக்குத்தான் ருசிக்கும்” என்று அம்மா சொல்லி முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வைக்கோலுக்குள் ஒளிப்பது அவர்கள் வேலையாயிற்று. சாயங்காலம் இருபது நிமிஷம் வரப்பில் நடத்தி, அது நிற்கிற இடத்தில் எல்லாம் நின்று மோப்பம் பிடிக்க விட்டோம். நாய்க்கு அந்த இருபது நிமிஷம் களைப்பும் நிறைவும் தருவது. மூன்றாம் வாரத்திலேயே ராத்திரிக் கத்தல் பாதியாயிற்று. மழை விட்டபோது வட்டத்தின் விளிம்பில் அருகம்புல் தலைகாட்டியது. அந்தப் புல்லைப் பெரியவர்தான் எனக்குக் காட்டினார்.

கொக்கியைக் கழற்ற அதை உட்காரப் பழக்கினேன். அடியோ அதட்டலோ இல்லை. உட்கார்ந்த நொடியிலேயே நாக்கால் ‘டக்’கென்று ஓர் ஒலி, உடனே கொக்கி கழலும். அவிழ்ப்பதே பரிசு. நாலைந்து நாளில், யாராவது மரத்தடிக்கு வந்தாலே உட்கார்ந்து கொக்கியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

உறுத்தல் தொடங்குவது ஆறாவது தடவை போனபோது.

வேற்றாள் மேல் இருந்த பயத்தை மாற்றத்தான் அங்கே போனேன் என்பதால், அதை எப்படிச் செய்தோம் என்று சொல்லவேண்டும். கவுன்டர் கண்டிஷனிங் என்பார்கள். நாய் ஆளைப் பார்க்கிற, ஆனால் இன்னும் பதறாத தூரத்தில் ஆள் நிற்கவேண்டும். மணிக்கு அது முதலில் நாற்பதடி. ஆள் கண்ணில் பட்ட பிறகுதான் உப்புப் போக ஊறவைத்த நெத்திலி விழவேண்டும். ஆள் மறைந்ததும் நெத்திலி நிற்கவேண்டும். வரிசை மாறி, தீனி முதலில் வந்துவிட்டால், தீனியைக் கண்டாலே பயம் வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். இதைவிட முக்கியமாக, தீனி வளர்க்கிறவர் கையிலிருந்து வரவேண்டும். வந்த ஆளின் கையிலிருந்து வரக்கூடாது, அதுவும் காவலுக்கு வைத்திருக்கும் நாய்க்கு. வேற்றாள் வந்தால் நம் வீட்டு மனிதரிடம் போனால் நல்லது கிடைக்கும் என்று அது பழகிவிட்டால் பயமும் போகும், காவலும் நிற்கும். ஐந்து தடவை அப்படித்தான் செய்தோம். தூரம் பத்தடிக்கு வந்துவிட்டது.

அன்று தை பிறந்த வாரம். கடிபட்ட அந்தப் பையன் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். அதுவரை கேட்டுக்கு வெளியே சிலிண்டரை உருட்டிவிட்டுப் போனவன். “அண்ணே, நான் ஒண்ணு போடவா?” என்று கேட்டான்.

அவன் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. கணுக்காலில் பல் பட்ட இடம் இரண்டு கறுத்த புள்ளிகளாக ஆறியிருந்தது. நான் பெரியவரைப் பார்த்தேன், அவர் சிரித்தார். “போடு” என்றேன். பக்கவாட்டில் உட்காரச் சொன்னேன், கண்ணைப் பார்க்காதே என்றேன், தரையில் உருட்டு என்றேன். நெத்திலி உருண்டது. மணி தின்றது, தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது, தாழ்ந்திருந்த வாலை இரண்டு தடவை அசைத்தது. “ஆட்டுதுண்ணே” என்று அவன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நல்ல நிமிஷங்களில் அது ஒன்று. அதை இப்போதும் தப்பு என்று எண்ண முடியவில்லை.

ஆனால் அதன் பிறகு பால்காரரும் போட்டார், உளுந்து தெளிக்க வந்த பெண்களும் போட்டார்கள். நான் தடுக்கவில்லை. பயம் சீக்கிரம் கரைகிறதே என்ற சந்தோஷம் எனக்கு. ஒத்துக்கொண்ட எட்டுச் சந்திப்பில் இரண்டுதான் பாக்கி. வெளியாள் போடுவதைத் தொடாமல் இருக்கத் தனியாகப் பழக்கவேண்டும், அதற்கு இன்னும் நாலு தடவை வரவேண்டும் என்று பெரியவரிடம் சொல்ல நினைத்தேன். பணத்துக்காக இழுக்கிறான் என்று எண்ணிவிடுவாரோ என்று சொல்லாமல் விட்டேன்.

திருட்டு நடந்த காலையில் அவரே போன் செய்தார். கேபிளுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய், பதினைந்து நாள் நாற்று, ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் காய்ந்துவிடும் என்ற கவலை. பக்கத்து போர்வெல்லில் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். எனக்கு அவர் காட்டியது வேறு ஒன்று. கொட்டகைக்குப் பக்கத்தில் எண்ணெய் ஊறிய ஒரு பரோட்டாப் பொட்டலம், நக்கித் துடைத்ததுபோல் கிடந்தது. நான்கைந்து கோழி எலும்புகள். மணி நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“ஆள் வந்தா தின்னக் கிடைக்கும். நீங்க சொல்லிக்கொடுத்த பாடம்தானே, தம்பி” என்றார். குரலை உயர்த்தவில்லை.

அதற்கு என்னிடம் பதில்கள் இருந்தன. சங்கிலியில் கிடந்த காலத்தில் அது தவளைக்கும் கீரிக்கும் கத்தியது, அதைக் கேட்டு ஒருவரும் எழுந்ததில்லை. நாலு வருஷம் பசியோடு கட்டிக்கிடந்த நாயும் கோழியைத் தின்றுதான் இருக்கும். நஞ்சு வைத்த கறியாக இருந்திருந்தால் நாயே இருந்திருக்காது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடத் திருட்டு நடக்கவில்லை என்பதும் உண்மை. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று சொல்ல வந்த நான், அந்தப் பையன் நெத்திலி போட்ட வீடியோவை மூன்று மாதமாகக் கும்பகோணத்திலும் மாயவரத்திலும் புதிய வீடுகளில் காட்டி, பாருங்கள் எப்படி மாறிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரே ஒரு சம்பவம்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அவர் அடுத்துக் கேட்டதுதான் என்னை விடவில்லை. “அந்த சிலிண்டர் பையன்கிட்டதான் இது நல்லாப் பழகியிருக்கு. அவன் போட்டாதானே தின்னும்?”

எனக்குப் பதில் தெளிவாகத் தெரியும். யார் போட்டாலும் தின்னும். அப்படி ஆக்கியது நான். நாய்க்கு அந்தப் பையன் முதலாவது வேற்றாள், அவ்வளவே; பிறகு வந்த எல்லோரும் அதற்கு ஒன்றுதான். இதை நேராகச் சொல்லியிருந்தால் சந்தேகம் அங்கேயே அறுந்திருக்கும். கூடவே என்னுடைய “குறையாது” பொய் என்பதும் அவர் முன்னால் வந்து நின்றிருக்கும். “அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா” என்றேன். அதைச் சொல்லும்போது நிதானமாக, ஆய்ந்து பேசுகிறவனின் குரலில் சொன்னேன். தெரியாத இடத்தில் உறுதியாகவும் தெரிந்த இடத்தில் மழுப்பலாகவும் பேசியிருக்கிறேன்.

அந்தப் பையனைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்காரவைத்து விசாரித்து அனுப்பினார்கள். கேபிள் கிடைக்கவில்லை. அவனுக்கு வேறு லைன் கொடுத்துவிட்டார்கள். நான் தெளிவாகச் சொல்லியிருந்தாலும் அவனைக் கூப்பிட்டிருக்கலாம்; தோப்புக்கு வந்துபோகிற எல்லோரையும்தான் விசாரித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இதை நினைக்கும்போது சற்று ஆறுதலாக இருக்கிறது. ஆறுதல் தேடுகிறேனே என்பது அதற்கு மேல் உறுத்துகிறது.

ஆடியில் ஒரு நாள் கேட்காமலே போனேன். மணி மறுபடியும் சங்கிலியில் இருந்தது. என் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து, சங்கிலி எட்டும்வரை வந்து, உட்கார்ந்தது. கழுத்துக் கொக்கி என் பக்கம் தெரியும்படி தலையைச் சாய்த்தது. 1898இல் தார்ன்டைக் மரப்பெட்டிக்குள் பூனைகளை அடைத்துப் பார்த்தார். தற்செயலாகக் கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்த பூனை போகப்போக இன்னும் விரைவாக இழுத்தது. நல்ல பலன் தரும் செயல் நிலைக்கும் என்பதுதான் நாங்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்தப் பூனைகளுக்குக் கதவு திறந்தது. நான் கொக்கியைத் தொடவில்லை, தொட எனக்கு அனுமதி இல்லை. மணி எழுந்து மறுபடி உட்கார்ந்தது, முன்னைவிட நேராக. பலன் நின்றுபோன பழக்கம் மறைவதற்கு முன் சில சமயம் கொஞ்ச நேரம் இப்படிக் கூடி வருவது உண்டு. மூன்றாவது தடவையும் உட்கார்ந்தது. வட்டத்தில் அருகம்புல் இல்லை.

“பார்த்தீங்களா, சத்தமே போடலை” என்றார் பெரியவர். என்னைத் தெரிந்ததால் குரைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வைக்கோலாவது போடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். போடுகிறேன் என்றார்கள்.

சென்ற மாதம் அய்யம்பேட்டையில் ஒரு டீக்கடை முன்னால் அந்தப் பையனைப் பார்த்தேன். வண்டியிலிருந்து சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லவேண்டியதை மனசுக்குள் எத்தனையோ தடவை அடுக்கி வைத்திருந்தேன். அவன் அதற்குள் முந்திக்கொண்டான்.

“மணி எப்படிண்ணே இருக்கு? அவுத்துத்தானே விட்டிருக்காங்க?”

“ம்” என்றேன்.

“அடுத்த தடவை போனா நான் கேட்டேன்னு ஒரு நெத்திலி போடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, சிலிண்டரைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு சந்துக்குள் போனான்.