துலா மிதித்த தண்ணீர்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் உள்ள எங்கள் வீட்டில் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழியும் ஓசை கேட்டதும், எழுபத்தைந்து வயதான அம்மாதான் முதலில் எழுந்து போய் மோட்டரை நிறுத்துகிறார். மின்கட்டணம் செலுத்துபவன் நான். எனக்கு அந்த அவசரம் வருவதில்லை. காசு கொடுப்பவனுக்கு இல்லாத பதைப்பு, கொடுக்காதவருக்கு எங்கிருந்து வருகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அம்மா சிறுமியாக இருந்தபோது இந்த வீட்டுக் கிணற்றில் துலா, அதாவது நீர் இறைக்கும் ஏற்றமரம், இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் நிற்பவர் நீர் அள்ளிவரும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்க்க, வெங்காயப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவது அம்மாவின் வேலை. வரம்பு உடைந்து தண்ணீர் வீணே ஓடினால், மேலே நடந்துகொண்டிருக்கும் தன் தகப்பனின் கால்கள் எத்தனை நடை கூடுதலாக நடக்க வேண்டும் என்பது அவருக்குக் கண்ணெதிரே தெரியும். அந்தத் தண்ணீருக்கு ஒரு சதமும் விலை இருந்ததில்லை.

விலை கற்பித்த சிக்கனத்தையும் நான் பார்த்திருக்கிறேன். 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இறைப்பு இயந்திரத்தை அப்பா நிமிடக் கணக்குப் பார்த்தே ஓடவிட்டார். தடை நீங்கிப் பாதை திறந்து விலை இறங்கிய பிறகு அந்தக் கணக்கும் மறைந்துபோய், தோட்டம் முழுவதும் வெள்ளமாக நிற்கும்வரை இறைத்தார். அப்பாவைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. விலையால் வந்த மதிப்பு விலையோடு போய்விட்டது, அம்மாவுடையது போகவில்லை.

மைக்கேல் நோர்ட்டன், டானியல் மோகோன், டான் ஏரியலி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குப் பொருந்தி வருகிறது. தாம் மடித்த காகித உருவங்களுக்கு மடித்தவர்கள் சராசரியாக 23 அமெரிக்கச் சதம் கொடுக்க முன்வந்தார்கள். அதே உருவங்களுக்கு மற்றவர்கள் கொடுக்க முன்வந்ததோ 5 சதம். செய்ததைப் பின்னர் கலைத்துவிட்டால் அந்தக் கூடுதல் மதிப்பு நிற்கவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கரையோரத்தில் எங்கள் உறவினர் ஒருவர் சுண்ணாம்புக் கல்லை அலவாங்கால் உடைத்துத் தோண்டிய கிணறு உவராகிப் போனபின், அவரே அதற்குள் குப்பை கொட்டினார். உழைப்பு மட்டும் போதாது, அது ஒரு பயனில் போய் முடியவும் வேண்டும்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணத்தில், மழை தந்து சுண்ணாம்புக் கல் தாங்கிவைத்திருக்கும் நீரைத்தான் எல்லோரும் இறைக்கிறோம். அளவுக்கு மீறினால் கடல்நீர் உள்ளே வரும். நிலத்தடி நீருக்கு விலை வைத்தால் கவனம் வரும் என்பவர்களோடு என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. ஆனால் துலாவைத் திரும்பக் கொண்டுவரவும் இயலாது, அந்த உடல் நோவை யாருக்கும் விதிக்கவும் எனக்கு மனமில்லை. மின்வெட்டு நாட்களில் மட்டும் என் மகன் வாளியால் அள்ளிக் குளிக்கிறான். நான்காவது வாளியோடு அவன் கயிற்றை விட்டுவிடுவதை, அம்மா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.