இரவு 2.40 ஆட்டம்

2004-இல் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி. சிறு விவசாயிகள் பறித்துக் கொடுக்கும் இலையை வாங்கித் தூளாக்குவார்கள். சாயங்காலம் இலை வண்டிகள் வந்து எடை போட்டதும் சீட்டுகளைப் பார்த்துக் கணக்கு ஏற்றுவது என் வேலை. இலை வாடி, அரைபட்டு, டிரையரில் காய்ந்து வெளியே வர விடிந்துவிடும் என்பதால் ராத்திரியெல்லாம் மெஷின் ஓடும். ஜனவரி உறைபனியில் கொழுந்து கருகினால் மட்டும் வரத்து படுத்துவிடும். அப்போது எட்டரைக்கே என் வேலை முடிந்துவிடும். ஊருக்குப் போகும் கடைசி பஸ் அதற்கு முன்பே போயிருக்கும். விடியும்வரை ஹீட்டரும், கம்ப்யூட்டரில் மைன்ஸ்வீப்பர் விளையாட்டும்தான்.

விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அந்த மைன்ஸ்வீப்பருக்கு மூன்றே பேரைத்தான் ஞாபகம் இருக்கும். எளிது, நடுத்தரம், கடினம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு நேரம். யாரும் ஜெயிக்காதவரை 999 வினாடி என்று காட்டும். ஒருவர் அதைவிட வேகமாக முடித்தால் முன்பு இருந்தவர் இருந்த சுவடே தெரியாது. இரண்டாமிடம் என்ற பேச்சே கிடையாது. இந்த விவரமெல்லாம் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தந்த லாகினுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் ஒரே லாகின். ஆக மொத்த ஃபேக்டரிக்கும் மூன்று வரி. ஒருநாள் யாரோ அதையும் ரீசெட் பண்ணிவிட, எடைக் கிளார்க் அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது புரோகிராம் எழுதும் மொழியான விஷுவல் பேசிக்கை அரைகுறையாகக் கற்றிருந்தேன். நாமே ஒன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாலுக்கு நாலு கட்டம், 15 எண்கள், ஒரு காலியிடம், நகர்த்தி நகர்த்தி வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். திருவிழாக் கடையில் பிளாஸ்டிக்கில் விற்பார்களே, அதேதான். எத்தனை குறைவான நகர்த்தலில் முடிக்கிறோமோ அத்தனை நல்லது.

இரண்டு ஃபைல் வைத்தேன். ஒன்றில் முதல் பத்துப் பேர். இன்னொன்றில் எல்லா ஆட்டமும்: பெயர், எண்கள் தொடக்கத்தில் கிடந்த வரிசை, நகர்த்தல்கள், முடித்தாரா விட்டாரா, தேதி, நேரம். இரண்டாவதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இலைக் கணக்குதான். அதில் நாங்கள் எதையும் அழிப்பதில்லை. நேற்று 42 கிலோவை 24 என்று போட்டுவிட்டால், அந்த வரியைத் தொடாமல் இன்று 18 கிலோ வரவு என்று புது வரி சேர்ப்போம். தப்பும் கணக்கில் இருக்கும், திருத்தமும் இருக்கும்.

முதல் வாரமே சண்டை. டிரையர் பார்க்கும் அண்ணன் 98 நகர்த்தலில் முடித்திருந்தார். பட்டியலில் 104 போட்டவர் முதலில், இவர் கடைசியில். “தம்பி, நூத்திநாலு சின்னதா, தொண்ணூத்தெட்டு சின்னதா? படிச்ச ஆளு நீதான் சொல்லணும்” என்றார். ஃபைலிலிருந்து படித்ததை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே ஒப்பிட்டிருந்தேன். எழுத்தாகப் பார்த்தால் 1-இல் தொடங்குவது 9-இல் தொடங்குவதற்கு முன்னால்தான் வரும். ஒரு வரியில் சரி செய்தேன்.

அடுத்து இலை வண்டி டிரைவர் 61 போட்டார். யாராலும் நம்ப முடியவில்லை. எல்லா ஆட்டமும் இருந்த ஃபைலைத் திறந்து அவருடையதை மட்டும் பிரித்துப் பார்த்தேன். 140, 118, 90, 74, 61. எல்லாவற்றிலும் தொடக்க வரிசை ஒன்றே! விஷுவல் பேசிக்கில் ‘ரேண்டமைஸ்’ என்று ஒரு கட்டளை போடாவிட்டால், புரோகிராமைத் திறக்கும்போதெல்லாம் பழைய எண்களே அதே வரிசையில் வரும். நான் போடவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் மூடித் திறந்து முதல் ஆட்டத்தை மட்டும் ஆடி, வழியை மனப்பாடம் செய்திருக்கிறார். கேட்டால், “தெனமும் ஒரே கணக்கைக் குடுத்தா நான் என்ன பண்ணுவேன்?” என்கிறார். நியாயம்தான். கட்டளையைச் சேர்த்தேன். அந்த ஒரு வரிசையை மட்டும் கழித்துவிட்டு, மற்ற ஆட்டங்களிலிருந்து முதல் பத்தை மறுபடி போட்டேன். வெறும் பத்துப் பேர் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் இது நடக்காது. 98 முதலிடத்துக்கு வந்தது.

கட்டளையைச் சேர்த்தபின் இன்னொரு கூத்து. ‘விட்டுவிட்டார்’ என்ற வரிகள் எக்கச்சக்கமாகப் பெருகின. சும்மா விடவில்லை, 400, 700 நகர்த்தல்வரை போராடிவிட்டு விட்டிருந்தார்கள். ஒருவருக்கு 14-உம் 15-உம் மட்டும் இடம் மாறி நின்றதாம், மற்றதெல்லாம் சரியாம். எண்களை இஷ்டத்துக்குக் கலைத்துப் போட்டால் சரிபாதி வரிசைகளைத் தீர்க்கவே முடியாது என்று ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் 1879-லேயே நிரூபித்துவிட்டார்கள். எனக்குத்தான் அது 125 வருஷம் கழித்துத் தெரிந்தது. தீர்க்கக்கூடியது எதுவானாலும் 80 நகர்த்தலுக்குள் முடித்துவிடலாம் என்பதையும் அப்போதுதான் படித்தேன். எழுநூறு போட்ட மனிதரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முடித்த நிலையிலிருந்து தொடங்கி, காலியிடத்தைச் சில நூறு முறை பின்னோக்கி நகர்த்திக் கலைக்கும்படி மாற்றினேன். அப்படிக் கலைத்ததைக் கண்டிப்பாகத் தீர்க்கலாம்.

ஜெயித்தவர்களின் பட்டியலை எத்தனை நாள் பார்த்திருந்தாலும் இந்தக் கோளாறு தெரிந்திருக்காது, தோற்றவர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையில், நேரம் என்ற கடைசி விவரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் மேனேஜர் என் மெஷினில் ஏதோ ரிப்போர்ட் பார்க்க உட்கார்ந்தவர், விளையாட்டையும் திறந்தார். “யாருப்பா இந்த 98?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானே ஆர்வமாக மற்ற ஃபைலையும் திறந்து காட்டினேன். அந்த ஆட்டம் முடிந்த நேரம் இரவு 2.40. டிரையரில் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம். சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணனிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள். டீ இடைவேளை, பத்து நிமிஷம், பக்கத்தில் ஆள் நிறுத்திவிட்டுத்தான் வந்தேன் என்று எழுதிக் கொடுத்தார். அது உண்மை, நான் அன்று அங்கேதான் இருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை.

அன்று ராத்திரியே புரோகிராமில் நேரத்தை எடுத்துவிட்டுத் தேதியை மட்டும் வைத்தேன். ஒரு ஆட்டத்தைப் புரிந்துகொள்ள மணி எதற்கு? பழைய வரிகளிலிருந்தும் மணியை அழித்தேன். நான் எழுதிய கணக்கு எதிலும் அப்படி அழித்தது அது ஒன்றுதான்.

அண்ணன் என்னிடம் கோபப்படவில்லை. டீ கிளாஸோடு வருவார், ஹீட்டர் பக்கத்தில் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பார். “நீ ஆடலையாண்ணா?” என்றால், “குளிர்ல விரல் விறைக்குது தம்பி” என்பார். 2006-இல் நான் வேலையை விடும்வரை 98-ஐ யாரும் தாண்டவில்லை. அதற்கப்புறம் அவர் பெயரில் ஒரு வரிகூட ஏறவில்லை.