சட்டை இழுக்கும் இடம்

தைக்கக் கொடுக்க வருகிறவர்களும் ரெடிமேடு வாங்கி ஆல்டருக்குக் கொண்டுவருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே பேச்சில்தான் ஆரம்பிப்பார்கள்: "என் உடம்புக்கு எதுவுமே எடுப்பா இல்லை." பின்னாலேயே குறைகள் வரிசை கட்டும். இடுப்பு பெரிசு, தோள் ஒடுங்கியிருக்கு, வயிறு தெரியுது. போட்டிருக்கும் உடையைச் சுற்றிவந்து பார்த்தால், அந்தக் குறைகளில் பலவும் உடம்பினுடையவை அல்ல, துணியினுடையவை. தோள் தையல் ஓர் அங்குலம் கீழே சரிந்து கிடக்கும் சட்டை எவரையும் ஒடுங்கிய தோளுடையவராகத்தான் காட்டும்.

பேரிக்காய், ஆப்பிள், மணற்கடிகாரம் என்று உடம்பைப் பிரித்துக்காட்டும் படங்கள் துணி வெட்டும் மேஜையில் அதிகம் உதவுவதில்லை. மார்பு 38, இடை 32, இடுப்பு 40 அங்குலம் என்று ஒரே அளவுள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அந்த 38-இல் பெரும்பங்கு அகன்ற முதுகில் இருக்கும், மற்றவருக்கு முன்பக்கத்தில் இருக்கும். டேப்பில் எண் ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்குப் பொருந்தும் சட்டை இரண்டாமவருக்கு முன்னால் பிளந்துகொண்டு, முதுகில் பை போலத் தொங்கும். சுற்றளவு எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே முக்கியம்.

அதனால் வழக்கமான மூன்று அளவுகளோடு இன்னும் நான்கை எழுதிவைத்துக்கொள்வது நல்லது: தோள் அகலம், பின்கழுத்து எலும்பிலிருந்து இடை வரை, இடையிலிருந்து தரை வரை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் இடையிலிருந்து இருக்கை வரை. இடை எங்கே என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் சாயுங்கள். உடம்பு மடங்கும் இடம்தான் இடை. அங்கே ஒரு நூலைக் கட்டிவிட்டு மற்ற அளவுகளை எடுக்கலாம். இடுப்பை அதன் மிக அகன்ற இடத்தில் அளக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது இடையிலிருந்து 7 முதல் 9 அங்குலம் கீழே வரும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் அந்தச் சட்டையைப் போட்டிருக்கும் நேரமெல்லாம் இழுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

லேபிளில் உள்ள எண்ணை நம்பி மனம் நொந்துபோக வேண்டியதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை 1939–40-இல் ஏறத்தாழ 15,000 பெண்களை ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்தது. அந்தத் தரவைக் கொண்டு 1958-இல் அங்கே ஒரு பொது அளவு முறையும் வந்தது. உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு வழியில் விலகிப்போக, 1983-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்று 'மீடியம்' என்பது தைத்தவர் வைத்த பெயர், அவ்வளவுதான். எண்ணை விட்டுவிட்டு டேப்பைப் பாருங்கள்.

பார்க்க வேண்டிய முதல் இடம் தோள். கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு உயர்த்தினால் எலும்பின் முனையில் ஒரு சிறு குழி விழும். கையைச் சேர்க்கும் தையல் அந்த இடத்தில் உட்கார வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீளம் குறைப்பதும் பக்கத்தில் பிடிப்பதும் சின்ன வேலைகள். தோளைக் குறைக்கவோ கையைப் பிரித்தெடுத்து, ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருந்தும் வட்டத் திறப்பை வெட்டி, மறுபடி கையைப் பொருத்த வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் போனால் ஆர்ம்ஹோலின் வளைவே மாறிவிடும், கை சரியாக விழாது. மார்பு பெரிதாகவும் தோள் சிறிதாகவும் உள்ளவர்களுக்குத்தான் இது உண்மையான தலைவலி. மார்புக்கு எடுத்தால் தோள் தொங்கும், தோளுக்கு எடுத்தால் பட்டன் தெறிக்கும். அவர்களுக்கு நீண்டுகொடுக்கும் பின்னல் துணியோ, கழுத்திலிருந்தே கை தொடங்கும் ராக்லான் வெட்டோ பொருந்தும். தோள் தையலே இல்லாத இடத்தில் அது சரிந்து விழவும் வழியில்லை.

ஆர்ம்ஹோல் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கீழே இறங்கியிருந்தால் வசதி என்று நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர். அக்குளை விட்டு இரண்டு அங்குலம் இறங்கிய ஆர்ம்ஹோல், கையைத் தூக்கியதும் சட்டை முழுவதையும் கூடவே மேலே இழுக்கும். அக்குளுக்கு நெருக்கமாக வெட்டியதில் கை மட்டும் நகரும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். பார்வைக்கும் உடம்பு தனி, கை தனி என்று பிரிந்து தெரிவதால் மேலுடம்பு மெலிவாகத் தோன்றும்.

அடுத்தது கோடுகள். உடை சரியாக உட்காராத இடத்தில் துணி சுருங்கிக் கோடு விழும், அந்தக் கோடு பிரச்சினை இருக்கும் பக்கம் கைகாட்டும். பட்டனைச் சுற்றிப் பெருக்கல் குறி போல இழுத்தால் அந்த மட்டத்தில் சுற்றளவு போதவில்லை. மார்பிலிருந்து பக்கத் தையலின் கீழ்ப்பகுதி நோக்கிச் சாய்கோடு விழுந்து, முன்பக்க ஓரமும் தூக்கிக்கொண்டு நின்றால் டார்ட் (மார்பின் மேட்டுக்கு இடம் கொடுக்க, துணியைக் கூராக மடித்துத் தைக்கும் மடிப்பு) இல்லை அல்லது பற்றவில்லை. டார்ட்டின் முனை மார்பின் உச்சியைத் தொடக் கூடாது. ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னதாகவே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முனை கூம்பாக எழும்பும். பின்கழுத்துக்குக் கீழே கிடைமட்டமாக மடிப்பு நின்றால் தோள் சட்டையைவிட நிமிர்ந்தது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சரிவாகக் கோடு இறங்கினால் தோள் சட்டையைவிடச் சரிந்தது. பின்னதற்குக் தோளுக்கு உள்ளே கால் அங்குலத் திண்டு (ஷோல்டர் பேட்) வைத்தாலே பல நேரம் போதும்.

அதிகம் ஏமாற்றுவது முதுகின் இடைப்பகுதியில் குவியும் துணி. பார்த்தவுடன் "இங்க லூஸா இருக்கு, பிடிச்சுக் கொடுங்க" என்பார்கள். பிடித்தால் இன்னும் மோசமாகும். கீழே இடுப்பில் துணி இறுக்கமாக இருப்பதால்தான் உடை இறங்க முடியாமல் மேலேறி, இடையில் போய்க் குவிகிறது. பக்கத் தையலை இடுப்பு மட்டத்தில் பிரித்துக் கொஞ்சம் விட்டதும் அந்தக் குவியல் தானாகக் கீழே இறங்கிவிடும்.

பேண்டிலும் இதே கணக்குதான். முன்பக்கப் பாக்கெட் வாய் திறந்துகொண்டு நின்றால் இடுப்பு இறுக்கம். பாக்கெட்டைத் தைத்து மூடினால் வாய் மூடும், இறுக்கம் அப்படியே இருக்கும். இடுப்பு பொருந்தி இடையில் மட்டும் பின்னால் விலகி நின்றால் அதைத் தாராளமாகப் பிடிக்கலாம். பின்பக்க நடுத்தையலில் ஓர் அங்குலம் வரை தெரியாமல் குறையும். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி விகாரமாகத் தெரியும்.

உடம்பின் அளவைவிட உடை எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் கணக்குதான். நீளாத துணியில் சட்டைக்கு மார்பில் 3 முதல் 4 அங்குலம், இடுப்பில் 2 முதல் 3. உட்காரும்போது இடுப்பு விரியும் என்பதால் இதைக் குறைக்க வேண்டாம். அதற்காக மறைக்கிறேன் என்று பெரிய அளவில் எடுப்பதும் தோற்றுத்தான் போகும். துணி உடம்பில் எது அதிகம் முன்னால் நிற்கிறதோ அங்கிருந்து நேராகக் கீழே விழும். மார்பிலிருந்து கூடாரம் போல விழும் டாப்ஸில், அதற்குக் கீழே உள்ள உடம்பு முழுவதும் மார்பளவு அகலம் என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் லேசாகப் பிடித்து, டார்ட் கொடுத்த அதே டாப்ஸ் வயிற்றை ஒட்டாமலே உருவத்தைக் காட்டும்.

எந்த ஓரமும் ஒரு கிடைக்கோடு, கண் அங்கே ஒரு கணம் நிற்கும். டாப்ஸின் ஓரம் இடுப்பின் மிக அகன்ற இடத்தில் முடிந்தால் அந்த அகலத்துக்குத்தான் விளம்பரம். இரண்டு அங்குலம் மேலோ கீழோ நகர்த்துங்கள். அரைக்கை மார்பின் மட்டத்திலேயே முடிவதும், ஸ்கர்ட் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடிவதும் இதே தவறு.

குறுக்குக்கோடு போட்ட உடை குண்டாகக் காட்டும் என்பது மேஜைக்கு மேஜை கேட்கும் பேச்சு. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிடைக்கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தோன்றுவதைக் காட்டிவிட்டார். கோட்டின் திசைமீது பழி போடுவதற்கு முன் அது வளைகிறதா என்று பாருங்கள். இறுக்கமான இடத்தில் நேர்க்கோடு வளைந்து, மேடுபள்ளத்தை வரைபடம் போலக் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு மெலிவாகக் காட்டுவதிலும் பெரிய மாயம் இல்லை. அதில் மடிப்புகளின் நிழல் தெரிவதில்லை. பளபளக்கும் சாட்டின் இதற்கு நேர்மாறு, ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம் ஏறும்.

பிடிப்பது எளிது, விடுவது துணி இருந்தால்தான். ரெடிமேடு உடைகளில் பெரும்பாலும் தையலுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் துணி இருக்கும். ஒவ்வொரு தையலிலும் முன்துணியில் கால் அங்குலம், பின்துணியில் கால் அங்குலம் விட்டால், இரண்டு பக்கத் தையல்களுக்கும் சேர்த்து மொத்தம் ஓர் அங்குலம். பழைய தையலின் ஊசித் துளையும், நிறம் மங்காத பட்டையும் சில துணிகளில் அப்படியே தெரியும். ஆகவே உடம்பின் பெரிய இடத்துக்குப் பொருந்துவதை வாங்கி, மற்ற இடங்களைப் பிடித்துக்கொள்வதே வழி. வாங்கும்போது உள்ளே திருப்பிப் பக்கத் தையலைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ட்ரையல் ரூமில் நேராக நின்று கண்ணாடியில் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. உட்காருங்கள், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள், தலைக்கு மேல் தூக்குங்கள். எழுந்து நின்றதும் உடை தானாகப் பழைய இடத்துக்கு வருகிறதா, இழுத்துவிட வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். முதுகை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பருத்தியாக இருந்தால் ஓரம் மடித்து அடிப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். 30 அங்குல உள்கால் நீளம் 3 சதவீதம் சுருங்கினாலே ஏறக்குறைய ஓர் அங்குலம் போய்விடும். பிறகு எந்தச் செருப்போடு போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள், குனியாதீர்கள். சாக்பீஸால் குறிப்பது இன்னொருவர் வேலை.