இருபத்தாறு கிலோ மூட்டையும் டேலி எக்ஸ்பர்ட்டும்

ஆவணி பிறந்ததும் எங்கள் அரிசி ஆலையில் ஆள் தேடும் வேலை ஆரம்பமாகிவிடும். குறுவை நெல் வரத்துக்கு முன்னால் கணக்கெழுத ஒருவர், எடை மேடைக்கு ஒருவர், பாய்லருக்கு ஒருவர் என்று ஏதாவது ஓர் இடம் காலியாகத்தான் இருக்கும். கும்பகோணம், பாபநாசம், நீடாமங்கலம் பக்கமிருந்தெல்லாம் பயோடேட்டா வரும். எல்லாம் ஒரே பிரவுசிங் சென்டரில் அடித்தது போலவே இருக்கும். பாதி நிஜமாகவே அப்படித்தான். முந்தைய ஆளின் ஃபைலைத் திறந்து பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் பயோடேட்டாவில் பாலினம் ஆண் என்று இருந்தது. கேட்டால் அவரே அப்போதுதான் பார்த்தார்.

அதில் தவறாமல் இருக்கும் வரி, ‘டேலி எக்ஸ்பர்ட்’. டேலி என்பது கணக்கெழுதும் சாஃப்ட்வேர். மூன்று மாத கோர்ஸ் முடித்தவரும் எக்ஸ்பர்ட், முடிக்காமல் நின்றவரும் எக்ஸ்பர்ட். இதைப் பேசிக் கண்டுபிடிக்க முடியாது. நன்றாகப் பேசுகிறவர் நம்மையே குழப்பிவிடுவார். அதனால் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிடுகிறேன். “கூலி கொடுக்க பேங்கிலிருந்து நாற்பதாயிரம் எடுத்து வந்திருக்கோம், ஏத்துங்க” என்பேன். தினமும் டேலியில் உட்கார்ந்தவர் என்றால் கை தானாக எஃப்4 அழுத்தி கான்ட்ராவுக்குப் போகும்; பேங்குக்கும் கைப்பெட்டிக்கும் இடையே பணம் மாறுவதை எழுதும் இடம் அது. மற்றவர்கள் எஃப்5 அழுத்தி பேமென்ட்டில் போட்டு, கூலிக் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். பணம் இன்னும் நம் பெட்டியில்தானே இருக்கிறது, யாருக்கும் கூலி கொடுக்கவில்லையே என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சட்டென்று புரிந்துவிடும். புரிந்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. எக்ஸ்பர்ட் என்று எழுதியதை நான் பெரிய குற்றமாகப் பார்ப்பதில்லை. அது பத்து நாளில் தேறிவிடும் பொய்.

இன்னொரு கேள்வியும் வைத்திருக்கிறேன். அரிசி கடையில் 25 கிலோ மூட்டை இருந்த இடத்தில் 26 கிலோ மூட்டை ஏன் வந்தது? அரிசி மண்டியில் மூன்று ஆண்டு அனுபவம் என்று எழுதியிருந்த ஒரு தம்பி, “ஒரு கிலோ கூட சார்” என்றார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதற்கு மேல் எடை போனால் அந்த வரி கிடையாது என்பது, மண்டியில் ஆறு மாதம் பில் போட்ட எவருக்கும் காதில் விழுந்திருக்கும். அதே நாள் வந்த இன்னொரு பெண், ‘கணக்கு எழுதத் தெரியும்’ என்று ஒரே வரி எழுதியிருந்தார். ஊரில் மாமா வைத்திருந்த அரிசிக் கடையில் உட்கார்ந்தவர். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு, பழைய சாக்கை என்ன செய்தார்கள் என்பதையும் சொன்னார்.

பழைய முதலாளிக்குப் போன் போட்டு விசாரிப்பதிலும் பெரிய பலன் இல்லை. “நல்ல பையன் சார்” என்பார்கள். அனுப்பிவிட்டால் போதும் என்று இருப்பவரும் அதையேதான் சொல்வார். “மாசக் கடைசியில் கணக்கை முடிச்சது யாரு?” என்று கேட்டால்தான் எதிர்முனை கொஞ்சம் யோசிக்கும்.

பாய்லர் விஷயத்தில் மட்டும் நான் இளகுவதில்லை. நெல் அவிக்க உமி எரித்து நீராவி எடுக்கிறோம். அங்கே நிற்பவருக்கு பாய்லர் அட்டெண்டண்ட் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது சட்டம். “சர்டிபிகேட் வீட்ல இருக்கு சார்” என்றால், எடுத்துக்கொண்டு வாங்க என்பதோடு சரி. சான்றிதழைக் காட்டினாலும் ஒன்று கேட்பேன்: பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் கேஜ் கண்ணாடியில் மட்டமே தெரியவில்லை, முதலில் என்ன செய்வீர்கள்? எட்டு வருட அனுபவம் என்று எழுதியிருந்த ஒருவர், “உடனே பம்பைப் போட்டுத் தண்ணி ஏத்திடுவேன்” என்றார், கொஞ்சமும் தயங்காமல். தண்ணீர் வற்றிப் பழுக்கக் காய்ந்த பாய்லருக்குள் தண்ணீரை விட்டால் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. முதலில் தீயைக் குறைக்க வேண்டும், உமி போவதை நிறுத்த வேண்டும். அவரைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை. வேறு ஏதாவது ஆலையில் சேர்ந்திருப்பாரோ என்பதுதான் கவலை.

கூட்டி எழுதுகிறவர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எங்கள் பக்கத்தில் குறைத்து எழுதுகிறவர்களால் ஆகும் நஷ்டம் அதைவிடப் பெரிது. இப்போது மூட்டை தூக்கவும் தைக்கவும் பீகார், ஒடிசா ஆட்கள்தான் அதிகம். அதனால் சூப்பர்வைசருக்கு இந்தி தெரிந்தால் வசதி. ‘தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், இந்தி’ என்று எழுதிய ஒருவரை மூட்டை தைக்கும் பையனோடு பேசவிட்டேன். பெயர் கேட்டதோடு நின்றுவிட்டது. கூத்தாநல்லூரிலிருந்து வந்த இன்னொருவர் துபாயில் வருடக்கணக்கில் கட்டட வேலை பார்த்தவர்; பயோடேட்டாவில் இந்தி என்ற சொல்லே இல்லை. வெளியே காத்திருந்த நேரத்தில் அதே பையனோடு அடுத்த லோடு எப்போது, ஊருக்குப் பணம் எப்படி அனுப்புகிறாய் என்று சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஏன் எழுதவில்லை என்றால், “அது ரூமுல பேசிக் கத்துக்கிட்டது சார், படிக்கல” என்றார். சான்றிதழ் இல்லாததைத் தெரியும் என்று எழுதக்கூடாதாம்.

இதே கூச்சம் எடை மேடைக்கு வருகிறவர்களிடமும் உண்டு. நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்தே, “பதினேழுக்கு மேல இருக்கு, பத்தொன்பது காட்டும்” என்று மீட்டர் வைப்பதற்கு முன் சொல்லக்கூடிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அரசு கொள்முதலில் 17 சதவீத ஈரம்தான் வழக்கமான வரம்பு என்பதால், அந்த இரண்டு புள்ளி எவ்வளவு பணம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வேலை கேட்டு வரும்போது மட்டும் “எட்டாவதுதான் படிச்சிருக்கேன் தம்பி” என்று ஆரம்பிப்பார்கள். எம்பிஏ படித்த ஒருவரோ நூறு கிலோ நெல்லுக்கு எண்பது கிலோ அரிசி வரும் என்று என்னிடம் அடித்துச் சொன்னார். அரசுக்கு அரைத்துக் கொடுக்கும் கணக்கே பச்சரிசிக்கு 67, புழுங்கலுக்கு 68தான். அந்தப் பன்னிரண்டு கிலோ கிடைத்தால் நாங்கள் எப்போதோ கார் வாங்கியிருப்போம்.

சரி, அவர்களை மட்டும் சொல்வானேன். மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, புதிதாக வருகிறவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைத்தான் கொடுக்கிறார்கள் எங்கள் பக்கத்து முதலாளிகள். உண்மையை எழுதினால் கூப்பிடவே மாட்டார்கள் என்று தெரிந்த பையன் என்ன செய்வான்? இன்டர்வியூவில் நாங்கள் சொல்லும் ‘காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை’ மட்டும் என்னவாம்? ஐப்பசி மழையில் நனைந்த நெல் லாரி லாரியாக வாசலில் நிற்கும்போது ஆறு மணிக்கு யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

இப்போது கடைசியில் எல்லாரிடமும் ஒன்று கேட்டு வைக்கிறேன்: “இதுல எழுதாம விட்ட வேலை ஏதாவது தெரியுமா?” பெரும்பாலும் இல்லை சார் என்பார்கள். போன வருடம் கணக்கு வேலைக்கு வந்த திருவிடைமருதூர் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்பாவோடு சேர்ந்து களத்தில் நெல் உலர்த்தியிருக்கிறேன் என்றார். டேலியில் கான்ட்ராவைத் தவறாகத்தான் போட்டிருந்தார். எடுத்துக்கொண்டோம்.